தாடி எண்ணெய்: புட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குதல்

தாடி எண்ணெய்ப் புட்டியின் முன்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எதையும் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாங்கலாமா, அலமாரியிலேயே வைத்துவிட்டு நகரலாமா என்று முடிவு செய்ய உதவும் செய்தி முழுவதும் பின்பக்கத்தில், பெரும்பாலும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கிறது. பாதி நரைத்த தாடி, எளிதில் பரு வரும் தோல், சென்னையின் புழுக்கம், தினமும் இரு சக்கர வண்டிப் பயணம் ஆகிய நான்கும் வாய்த்த ஒருவன், கடைகளில் கிடைக்கும் எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. இன்ன பெயருள்ள புட்டியை வாங்குங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட இயலவில்லை. ஒரே நிறுவனம் ஒரே பெயரின்கீழ் மூன்று நான்கு வகை எண்ணெய்களை விற்கிறது. அவற்றின் உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒன்றோடொன்று உறவே இருப்பதில்லை. ஆகையால் பெயர் வாரியாகப் பார்ப்பதைவிட, அடிப்படை எண்ணெய் எது என்று வகை பிரித்துப் பார்ப்பதே பயன் தரும்.

முதலில் இந்த எண்ணெயிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முகத்தில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய்ப்பசை தாடி இல்லாதவருக்குத் தோலிலேயே தங்குகிறது. தாடி உள்ளவருக்கோ அதில் ஒரு பங்கு முடி இழைகளின்மீது ஏறிவிடுகிறது. மீதியைச் சோப்பு கழுவிக்கொண்டு போய்விட, தாடிக்கு அடியில் தோல் வறண்டு, வெள்ளைச் செதிலாக உதிர்ந்து, அரிக்கத் தொடங்குகிறது. தாடி வைக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே பலர் பொறுமையிழந்து மழித்துவிடுவதற்கு இந்த வறட்சியும், ட்ரிம்மர் நறுக்கிய கூரான முடி நுனிகள் தோலைக் குத்துவதும்தான் காரணம். நல்ல தாடி எண்ணெய் தோலின்மேல் மெல்லிய படலமாக நின்று ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். தலைமுடியைவிடத் தடித்து முரண்டு பிடிக்கும் தாடி முடியை வளைந்துகொடுக்கச் செய்யும். ஓரளவு மினுமினுப்பும் மணமும் தரும். இதற்குமேல் அது செய்யக்கூடியது எதுவும் இல்லை.

குறிப்பாக, தாடியை முளைக்க வைக்காது. கன்னத்தில் எந்த இடத்தில், எவ்வளவு அடர்த்தியாக முடி வளரும் என்பதை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களுக்கு மயிர்க்கால்கள் எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என்பதும் குடும்ப மரபும் வயதும் தீர்மானிக்கின்றன. வெங்காயச் சாறு, கருஞ்சீரகம், கரிசலாங்கண்ணி என்று படம் போட்ட ‘வளர்ச்சி எண்ணெய்’ எதுவும் சொட்டையான கன்னத்தை நிரப்பியதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. தாடி அடர்த்திக்குப் பயன் இருப்பதாக முறையான சோதனையில் தெரியவந்தது மினாக்சிடில். தாய்லாந்தில் 3 சதவீத மினாக்சிடில் நீர்மத்தை வைத்து நடந்த சிறிய ஆய்வொன்று 2016-இல் வெளியானது. ஆனால் மினாக்சிடில் ஒரு மருந்து. அது வேண்டுமென்றால் தோல் மருத்துவரைப் பார்த்துக் கேட்க வேண்டுமே தவிர, அழகுசாதனப் பொருளாக விற்கப்படும் புட்டியில் தேடக் கூடாது. இருபது இருபத்தோரு வயதுத் தம்பிமார்கள் ‘முப்பது நாளில் அடர்த்தி’ என்ற வாசகத்தை நம்பித் தொடர்ந்து வாங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த வயதில் அடர்த்தி தானாகக் கூடிக்கொண்டுதான் இருக்கும், பெயர் மட்டும் எண்ணெய்க்குப் போய்விடும்.

இனிப் பின்பக்கம். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, சேர்மானங்களில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். தாடி எண்ணெய் வாங்குபவர் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் இந்த ஒரு விதிதான். முதல் மூன்று பெயர்கள்தான் புட்டியின் பெரும்பகுதி. பெயர்கள் தாவரவியல் மொழியில் இருக்குமென்பதால் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிம்மான்ட்சியா சைனென்சிஸ் என்றால் ஜோஜோபா. ஆர்கானியா ஸ்பைனோசா என்றால் ஆர்கன். புரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் என்றால் பாதாம். ரிசினஸ் கம்யூனிஸ் நம் விளக்கெண்ணெய். செசமம் இண்டிகம் நல்லெண்ணெய். கோகோஸ் நூசிஃபெரா தேங்காய் எண்ணெய். பாராஃபினம் லிக்விடம், லைட் லிக்விட் பாராஃபின் என்பவை கனிம எண்ணெய். டோகோஃபெரால் என்பது வைட்டமின் ஈ. அதன் முதன்மையான பணி மற்ற எண்ணெய்கள் விரைவில் காறிப்போகாமல் காப்பது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் முன்பக்கத்துப் பொய்கள் தாமாக உதிர்ந்துவிடும். நான் வாங்கிய ஒரு புட்டியின் முன்பக்கத்தில் ‘மொராக்கோ ஆர்கன்’ என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள். பின்பக்கத்தில் லைட் லிக்விட் பாராஃபின் முதலிலும், எண்ணெயை இலகுவாக்கச் சேர்க்கும் செயற்கைப் பொருளான ஐசோபுரோபைல் மிரிஸ்டேட் இரண்டாவதாகவும், நறுமணக் கலவை மூன்றாவதாகவும் நின்றன. ஆர்கன் அதற்கும் பின்னால் வந்தது. நறுமணப் பொருளுக்குப் பின்னால் நிற்கும் எண்ணெய் புட்டிக்குள் சில சொட்டுகளுக்குமேல் இருக்க வாய்ப்பில்லை. ஆர்கன் மரம் மொராக்கோவின் தென்மேற்குப் பகுதிக்கு உரியது. அதன் கல் போன்ற கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து ஆட்டும் வேலையைப் பெருமளவில் அங்குள்ள பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் செய்கின்றன. அந்த உழைப்புக்குரிய விலை கொடுக்காமல் 200 ரூபாய்ப் புட்டியில் அது நிறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு; அப்படி எழுதி விற்பது புட்டி நிறுவனத்தின் தவறு.

ஆயுர்வேத மருந்து உரிமத்தின்கீழ் விற்கப்படும் தாடித் தைலங்களுக்கு இந்த வாசிப்பு முறை அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் ஒவ்வொரு மூலிகையும் 10 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று முதலில் வரிசையாக வரும். புட்டியின் பெரும்பகுதியாகிய அடிப்படை எண்ணெய், ‘தேவையான அளவு’ என்ற குறிப்போடு கடைசி வரியில் நிற்கும். இறங்கு வரிசை என்று நினைத்துப் படிப்பவர் கரிசலாங்கண்ணியே முக்கால் புட்டி என்று எண்ணிவிடுவார். கடைசி வரியை முதலில் படியுங்கள். அங்கே நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, கனிம எண்ணெயா என்பது தெரிந்துவிட்டால் தோலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில் மிகவும் ஒத்துவந்தது ஜோஜோபா முதலிடத்தில் இருக்கும் இலகுவான வகை. ஜோஜோபாவை எண்ணெய் என்று அழைத்தாலும் வேதியியல்படி அது திரவ மெழுகு. நம் தோலில் சுரக்கும் பசையிலும் அதே வகையான மெழுகு எஸ்டர்கள் கணிசமான பங்கு இருப்பதால் இரண்டும் இணக்கமாகச் சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்க, மெக்சிகோ எல்லையின் சோனோரா பாலைவனத்துச் செடி அது. இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது. இந்த வகைப் புட்டியிலிருந்து நான்கு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துத் தாடிக்குள் விரல்களை விட்டுத் தோலில் தடவினால், சட்டை மாட்டி முடிப்பதற்குள் பிசுபிசுப்பு அடங்கிவிடுகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஹெல்மெட் வார். தாடையை அழுத்திக்கொண்டிருக்கும் அந்தத் துணிப்பட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று வாரங்களில் அது கருத்துப் பிசுக்கேறிக் காறல் வாடை வீசினால், அந்த எண்ணெய் தோலில் சேராமல் வெளியிலேயே நின்றிருக்கிறது என்று பொருள். ஜோஜோபா மிகுந்த எண்ணெய்களில் வார் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஜோஜோபா எளிதில் காறிப்போகாது என்பதும் நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு வசதி. இந்த வகையில் நான் காணும் குறை, அவற்றில் சேர்க்கப்படும் வாசனை பல நேரங்களில் அளவு மீறி இருப்பதுதான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சென்ட் எதுவென்று விசாரிக்கும் அளவுக்கு மூக்கைத் தாக்கும் புட்டிகளும் உண்டு.

‘வளர்ச்சி’ வகை எண்ணெய்களின் அடிப்படை பெரும்பாலும் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும். கெட்டியாக, சற்றுப் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். விளக்கெண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ரிசினோலிக் அமிலமே அதன் பிசுக்குக்குக் காரணம். பகலில் இதைத் தடவிக்கொண்டு வெளியே போனால் சாலைத் தூசி முழுவதும் தாடியில் தங்கும். இரவில் தடவினால் தலையணை உறையில் மஞ்சள் கறை படியும். என் தாடைக்குக் கீழே வரிசையாகப் பருக்கள் கிளம்பியதும் இப்படியொரு புட்டியைப் பயன்படுத்திய காலத்தில்தான். ஆயினும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சாண் நீளத் தாடியும் வறண்ட தோலும் உள்ளவர்களுக்கு, குளிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் தடவி அலசிவிடும் எண்ணெயாக இது நன்றாகவே உதவும். பறக்கும் முடிகளை அடக்கிவைக்கும் பிடிப்பும் விளக்கெண்ணெய்க்கு உண்டு. அடர்த்தி வாக்குறுதிக்காகக் கூடுதலாக வாங்கும் பணம்தான் உறுத்துகிறது.

கனிம எண்ணெயும் சிலிக்கானும் அடிப்படையாகக் கொண்ட வகையைப் பற்றி இணையத்தில் பரவியிருக்கும் அச்சத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய் தோலுக்குத் தீங்கற்றது. குழந்தைகளுக்கான எண்ணெய்கள் பலவற்றின் அடிப்படையும் அதுதான். காறிப்போகாது, ஒவ்வாமை தருவது அரிது. சிலிக்கான் கலந்தது உடனடியாக மினுமினுப்புத் தரும், சீப்பு வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மலிவான ஒரு சரக்கைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மொராக்கோவின் பெயரைச் சொல்லி விற்பதற்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே கேள்வி. ஐசோபுரோபைல் மிரிஸ்டேட் முன்வரிசையில் இருந்தால் மட்டும் பரு வரும் தோல் உள்ளவர்கள் விலகிக்கொள்வது நல்லது.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் போதாதா என்ற கேள்வி நம் ஊரில் எழாமல் இருக்காது. முடிக்கு அது நல்லது என்பதில் ஐயமில்லை. அதில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் முடி இழைக்குள் ஊடுருவக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியின் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று காட்டிய ஆய்வு 2003-இல் வெளியானது; அதைச் செய்தவர்கள் பாராசூட் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். (அதே மாரிகோதான் தாடிப் பொருள்கள் விற்கும் பியர்டோ நிறுவனத்தை 2020-இல் முழுமையாகத் தன்வசப்படுத்திக்கொண்டது, அதே தொழிலில் உள்ள உஸ்த்ரா 2023-இல் அழகுக்கலை நிறுவனமான வி.எல்.சி.சி.யிடம் போயிற்று. இளைஞர்கள் தொடங்கிய தாடித் தொழில் படிப்படியாகப் பெரிய வீடுகளுக்குள் குடிபுகுந்துகொண்டிருக்கிறது.) தேங்காய் எண்ணெயின் சிக்கல் முகத்தில்தான். பரு வரும் இயல்புள்ள தோலில் அது துளைகளை அடைத்துக்கொள்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 24 டிகிரிக்குக் கீழே போனவுடன் உறைந்தும் விடுகிறது. வறண்ட தோலும் நெடுந்தாடியும் உடையவர் வாரம் ஒருமுறை தடவிக் குளிக்கலாம். தினமும் தடவி வெளியே செல்வதற்கு உகந்ததன்று.

தாடியில் பொடுகு இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சைக்குத் தாவர எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பலவும் உணவு. வெறும் வறட்சியால் செதில் உதிர்கிறதென்றால் எண்ணெய் தணிக்கும். மூக்கோரத்திலும் புருவத்திலும் காதுக்குப் பின்னும் சிவந்து, மஞ்சளாகப் பிசுக்கேறிய செதில் உதிர்கிறதென்றால் எண்ணெய் அதை வளர்க்கவே செய்யும். அந்த நிலையில் கீட்டோகோனசோல் ஷாம்பூவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முதலில் அதைச் சரிசெய்துகொண்டு, பிறகு ஸ்குவாலேன் போன்ற இலகுவான எண்ணெய்க்குப் போகலாம். வட்டமாகச் சிவந்து, முடி கொத்தாக உதிர்ந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். அங்கே எந்தப் புட்டிக்கும் வேலையில்லை.

வாசனை விஷயத்தில் என் நிலைப்பாடு சற்றுக் கடுமையானது. மூக்குக்கு நேர் கீழே நாள் முழுவதும் இருக்கப்போகும் பொருள் என்பதால், மெல்லிய சந்தனம், தேவதாரு, வெட்டிவேர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது போதும் என்று கருதுகிறேன். நறுமணத் தைலங்கள் 1 முதல் 2 சதவீத அளவிலேயே வேலையைச் செய்துவிடும். அதற்குமேல் போனால் எரிச்சல்தான் மிச்சம். எலுமிச்சைத் தோலையும் பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோலையும் பிழிந்தெடுத்த தைலங்களில் உள்ள ஃபியூரோகூமரின் வகைப் பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் கன்றிக் கறுத்துப்போகக்கூடும். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுபவர் கன்னத்தில் இதைப் பூசிக்கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டும். தேயிலை மரத் தைலம் (டீ ட்ரீ ஆயில்) கிருமிகளுக்கு எதிரானது என்ற பெயரோடு பல புட்டிகளில் வருகிறது. திறந்து பல மாதங்கள் ஆகிக் காற்றுப்பட்டுக் கெட்டுப்போனால் ஒவ்வாமை தருவதில் அதுவே முன்னிற்கிறது. எந்த எண்ணெயானாலும் முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போவது நல்லது. கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர்கள் பாதாம் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும்.

புட்டியும் ஒரு சேர்மானம்தான். பழுப்புக் கண்ணாடி ஒளியைத் தடுக்கும். நிறமற்ற பிளாஸ்டிக்கில் திராட்சை விதை எண்ணெய் போன்ற விரைவில் கெடும் எண்ணெயை அடைத்து, வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். டிராப்பரைவிடப் பம்ப் மேல். டிராப்பரின் ரப்பர் குமிழ் எண்ணெய் பட்டுப் பட்டு ஊறி, பயணப் பையில் கசிந்து, துணிமணியைப் பாழாக்கும். தயாரிப்பு மாதம், தொகுதி எண், பயன்படுத்தவேண்டிய இறுதி நாள், உரிம எண், உற்பத்தியாளரின் முழு முகவரி ஆகியவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பேச்சுக்கே இடமின்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். சேர்மானத்தில் ‘அக்வா’, அதாவது நீர் முதலில் இருந்தால் கையில் இருப்பது எண்ணெயன்று, சீரம். அதற்குக் கெடாமல் காக்கும் பொருள்கள் தேவைப்படும், நடத்தையும் வேறு.

விலையைப் பொறுத்தவரை 30 மில்லிக்கு ஏறக்குறைய 250 முதல் 500 ரூபாய் வரை கேட்கிறார்கள். பெரிய எழுத்தில் உள்ள தள்ளுபடியை விட்டுவிட்டு, மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். 350 ரூபாய்ப் புட்டி என்றால் மில்லி ஏறத்தாழ 12 ரூபாய். ஜோஜோபா முதலிடத்தில் இருந்தால் அது நியாயம், பாராஃபின் முதலிடத்தில் இருந்தால் கொள்ளை. 30 மில்லியில் 600 சொட்டுக்குக் குறையாமல் இருக்கும். நாளைக்கு ஐந்து சொட்டு என்று வைத்தால் நான்கு மாதம் ஓடும். ஒரே மாதத்தில் தீர்ந்துபோகிறதென்றால் புட்டியில் குறையில்லை, கை தாராளம். குளித்து, துண்டால் ஒற்றியெடுத்த ஈரத் தாடியில் தடவினால் குறைந்த எண்ணெயே போதும். சீப்போடு சேர்த்துப் பரிசுப் பெட்டியாக விற்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தச் சீப்புகள் பலவற்றில் பற்களின் இடையே அச்சு வார்த்த விளிம்பு கூராக நின்று முடியைக் கீறும்.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் இப்போது பயன்படுத்துவது, வாசனை எதுவும் சேராத தனி ஜோஜோபா எண்ணெய். 100 மில்லிப் புட்டியாக வாங்கும்போது மில்லிக்கு ஆகும் செலவு பாதியாகிவிடுகிறது. அதில் நாலில் ஒரு பங்கு பாதாம் எண்ணெயும், குளிர்காலத்தில் மட்டும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் கலந்து, ஒரு மாதத்துக்குத் தேவையான அளவை மட்டும் சிறிய பழுப்புப் புட்டியில் ஊற்றி வைத்துக்கொள்கிறேன். கலந்து வைக்கும் பொறுமை இல்லாதவர்கள் ஜோஜோபா முதலிடத்திலும் பாதாமோ ஆர்கனோ இரண்டாமிடத்திலும் இருக்கும், மணம் மெல்லியதான எந்த நிறுவனத்தின் புட்டியையும் வாங்கலாம். முதல் முறை 10 மில்லி அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தாடி இன்னும் வார வயதுக் குச்சிகளாக இருப்பவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம், முகத்துக்குப் பூசும் சாதாரண மாய்ஸ்சரைசரே போதும்.